அக்கா வராத வார இறுதிகள்

மார்ச் 7, சனி

வார இறுதி ரேடியோ நிகழ்ச்சியை வழக்கமாக நடத்தும் அக்கா உடல்நலமில்லாமல் விடுப்பில், அவர் இடத்தில் தம்பி. முகப்பு இசை முடிந்து தம்பி வணக்கம் சொல்லி மூச்சு விடுவதற்குள் முதல் செய்தி வந்து விழுந்தது. அக்கா எங்கே? பின்னால் வந்தவையும் வரிசையாக அதேதான். இவற்றைப் புகார்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. மற்றவற்றோடு கலந்துவிட்டால் நேயர்கள் எல்லோரும் தம்பியை எதிர்க்கிறார்கள் என்று தோன்றும், மேலே இருப்பவர்களும் அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

வந்தவற்றை நான்கு கட்டாகப் பிரித்தாயிற்று: ஆளைத் தேடுகிறவை, ஒலி பற்றியவை, நேரம் பற்றியவை, தம்பியையே பற்றியவை. நான்காவது கட்டுதான் எல்லாவற்றிலும் மெலிந்தது.

ஒவ்வொரு செய்திக்கும் வந்த நேரத்தைக் குறித்து, நிகழ்ச்சியில் எது எப்போது வரும் என்று எழுதிய க்யூ ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். இணையத்தில் கேட்பவருக்கு ஒலி அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போகிறது. தட்டச்சு செய்யும் நேரம் வேறு. 7.04க்கு வந்த திட்டு 7.03க்கு முன்னால் பேசிய பேச்சுக்கானதாக இருக்கலாம். இந்தக் கழித்தலைச் செய்யாமல் விட்டால் நல்ல லிங்க் (பாட்டுகளுக்கு இடையே பேசும் பேச்சு) ஒன்றுக்குப் பழி விழும்.

மார்ச் 8, ஞாயிறு

"பாட்டு முடியறதுக்குள்ள பேசிடறார்." வெவ்வேறு ஆட்கள், ஒரே வாக்கியம்.

மார்ச் 9, திங்கள்

ஒலிபரப்பானதை அப்படியே சேமிக்கும் லாக் பதிவைப் போட்டுக் கேட்டதில் நேயர்கள் சொல்வது சரி என்று தெரிந்தது. கடைசி வயலின் இழை இன்னும் அடங்கவில்லை, தம்பியின் குரல் அதன்மேல் ஏறிவிடுகிறது. அவசரம் அவருடைய சுபாவத்தில் இல்லை, திரையில் இருக்கிறது. ஒலிபரப்பு மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் முடிவுக்குச் சில நொடி முன்னால் ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அது வந்ததும் மீதி நேரம் சிவப்பாக மாறும். வாரநாள் நிகழ்ச்சிகளில் பழகிய கை, சிவப்பைக் கண்டதும் மைக் ஒலியைக் கூட்டும் ஃபேடரைத் தூக்கிவிடும். அக்கா அந்தச் சிவப்பை ஏறிட்டும் பார்த்ததில்லை. பாட்டு பூஜ்யத்துக்கு வர வேண்டும், அப்புறம் ஒரு மூச்சு, அதற்குப் பிறகுதான் பேச்சு.

செய்ய வேண்டியது இரண்டு. வார இறுதிப் பட்டியலில் மட்டும் அந்தக் குறியைப் பாட்டின் உண்மையான முடிவுக்கு நகர்த்துவது. ஒலி அடங்கிய பிறகு மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தம்பி வாயைத் திறப்பது. இரண்டு நொடி அமைதியால் எதுவும் கெட்டுவிடாது. அமைதியைக் கண்டுபிடித்து அவசரகாலப் பதிவை ஓட்டும் கருவி இங்கே பத்து நொடிக்குக் குறைந்து விழிப்பதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா திரும்புவதற்கு டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை. பேசக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது.

மார்ச் 12, வியாழன்

அக்காவைப் பற்றி ஒலிபரப்பில் என்ன சொல்வது? நாள் முழுக்க இதே யோசனை.

நோயின் பெயர் வேண்டாம், அது அவருடைய சொந்த விஷயம். ஒன்றுமே சொல்லாமலும் இருக்க முடியாது. மௌனம் நீண்டால் நேயர்களே ஒரு காரணத்தைக் கட்டிவிடுவார்கள், அது எப்போதும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கும். ஒரே வாக்கியம் போதும்: அக்கா விடுப்பில் இருக்கிறார், அதுவரை உங்களோடு நான். தொடக்கத்தில் ஒரு முறை, தாமதமாக வருகிறவர்களுக்காக எட்டு மணிச் செய்திக்குப் பின் ஒரு முறை. சொல்லுக்குச் சொல் மாறாமல், வாராவாரம் அதே வாக்கியம். போன வாரம் "விரைவில்" என்று சொல்லி இந்த வாரம் அதை விட்டுவிட்டால் அந்த ஒரு சொல் காணாமல் போனதைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். தேதி கையில் இல்லாதவரை "விரைவில்" என்ற சொல்லையே தொடக் கூடாது.

பிபிசி ரேடியோ 2இல் நடந்தது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1990 முதல் சனிக்கிழமைப் பழைய பாடல் நிகழ்ச்சியை நடத்திவந்த பிரையன் மேத்யூ 2016 இறுதியில் உடல்நலக் குறைவால் ஒதுங்கினார். டிம் ரைஸ் அந்த இடத்தில் உட்கார்ந்தார். 2017 ஜனவரியில், பேசி முடிவெடுத்து மேத்யூ விலகுவதாக நிலையம் அறிவித்தது. அப்படி எதுவும் இல்லை என்று அவரே பத்திரிகையிடம் மறுத்தார். நேயர்கள் கொதித்தார்கள். பிப்ரவரி 25 அன்று ஒரு விடைபெறும் நிகழ்ச்சி, அடுத்த மாதம் டோனி பிளாக்பர்ன், ஏப்ரல் 8 அன்று மேத்யூ மறைந்தே போனார். அந்தக் கோபம் இடையில் வந்து உட்கார்ந்தவர்கள்மேல் எழுந்தது இல்லை. இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் பேசியதில் எழுந்தது. அக்காவிடம் கேட்காமல் ஒரு வரிகூடப் போகக் கூடாது.

மார்ச் 14, சனி

இன்று ஒலிக் கட்டு தடித்துவிட்டது. "காதுல சீறுது." "வாக்கியத்தோட கடைசி கேக்கல." "குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு." மூன்றுக்கும் காரணம் ஒரே இடத்தில். முதல் சேனலில் அக்காவின் பெயரில் சேமித்த மைக் அமைப்பே இன்னும் ஓடுகிறது.

சீறல் முதலில். எஃப்.எம். ஒலிபரப்பில் உயர்ந்த அதிர்வெண்களைத் தூக்கித்தான் அனுப்புவார்கள், வாங்கும் பெட்டி அதே அளவு இறக்கிக்கொள்ளும். நாட்டைப் பொறுத்து 50 அல்லது 75 மைக்ரோ நொடி என்று அந்த அளவைச் சொல்வார்கள். சகரம், ஸகரம் கூர்மையாக விழும் குரலாக இருந்தால் அந்தத் தூக்கலில், ஒலி அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இடித்துக்கொண்டு கரகரப்பு வரும். அக்காவின் குரல் மேலே மென்மையானது என்பதால் அந்த அமைப்பில் மேல்பக்கம் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறது. தம்பிக்கு அது இரட்டைத் தூக்கல். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் இது தெரியவே தெரியாது. சாதாரண ரேடியோப் பெட்டி ஒன்றை வைத்து, காற்றில் வருவதைக் கேட்டால்தான் பிடிபடும்.

கூட்டியதை எடுத்தாயிற்று. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றே திருப்பி, ஒரு சாண் தூரம். சீறலை அமுக்கும் டி-எஸ்ஸர் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும், 4 டெசிபல் அளவுக்கு. ட்ரெபிளை ஒரேயடியாகக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். குறைத்தால் மெய்யெழுத்துகள் மழுங்கி, வயதான நேயர்கள் அடுத்த வாரம் "புரியல" என்று எழுதுவார்கள்.

குடம்: மைக்கை ஒட்டிப் பேசுவதால் வரும் கனம். ஒரு பக்கம் கேட்கும் மைக்குகள் பெரும்பாலும் நெருங்க நெருங்க அடித்தொனியை ஊதிக் காட்டும். தூரம் கூடியதுமே பாதி போய்விட்டது. மிச்சத்துக்கு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் லோ கட்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். பேச்சு அடங்கியதும் மைக்கை மூடும் நாய்ஸ் கேட்டை அக்காவின் சத்த அளவுக்கு வைத்திருக்கிறது. தம்பி வாக்கிய முடிவில் குரலை இறக்குகிறார், கேட் உடனே மூடிக்கொள்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். "நேயர் விருப்பம் அடுத்த வாரம்" வரைக்கும் கேட்கிறது, உண்டா இல்லையா என்பது கேட்கவில்லை. கேட்டின் வாசலை 10 டெசிபல் இறக்கி, மூடும் நேரத்தை அரை நொடிக்கு நீட்டினால் போதும். ஏசி சத்தம் லேசாக உள்ளே வரும், வரட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

"தம்பி நல்லாத்தான் பேசுது, ஆனா..." என்று தொடங்கும் குரல்பதிவுகளில் ஆனாவுக்குப் பின்னால் வருவதை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். இன்று பெரும்பாலும் நேரம்.

மார்ச் 17, செவ்வாய்

வார இறுதியில் ரேடியோ பலருக்குக் கடிகாரம். புதிர் வந்தால் எழுந்திருக்க வேண்டும், கடிதம் வந்தால் உட்கார வேண்டும். கடித நேரம் ஏழு நிமிடம் தள்ளிப்போனால், அதற்காகவே காத்திருந்தவர் அதற்குள் கிளம்பிப் போயிருப்பார். அவர் அதை நேரக்குறை என்று எழுதமாட்டார். "முன்ன மாதிரி இல்ல" என்றுதான் எழுதுவார். இப்படி எழுதியவற்றை நான்காவது கட்டிலிருந்து எடுத்து மூன்றாவதில் போட்டாயிற்று.

தம்பி நேரத்தை முன்னாலிருந்து கூட்டிக்கொண்டு போகிறார். பின்னாலிருந்து கழிக்க வேண்டும். செய்தி 8.00.00. அதற்கு முன் நிலையக் குரல் 10 நொடி, ஆக 7.59.50. கடைசிப் பாட்டு 4 நிமிடம் 10 நொடி என்றால் 7.55.40க்கு அது தொடங்கியே ஆக வேண்டும். கடிதம் எந்த வரியில் நின்றாலும் சரி, அந்த நொடியில் முடிகிறது. இன்னொரு காப்பும் உண்டு: மூன்று நிமிட வாத்திய இசை ஒன்றை 7.56.50க்கு ஃபேடரைத் தூக்காமலே ஓடவிட்டு, பேச்சு முடியும்போது மேலே கொண்டுவருவது. எங்கே நுழைந்தாலும் இசை 7.59.50க்குத் தானாக முடிந்துவிடும், பாட்டை நடுவில் வெட்ட வேண்டியதில்லை.

அவருடைய லிங்க் நீளம். மன்னிப்பு அதில் பாதி. "அக்கா அளவுக்கு எனக்கு வராது, இருந்தாலும்" என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அதைக் கேட்கக் கேட்க நேயர்களும் நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

மார்ச் 20, வெள்ளி

நிலையத்தின் செயலியில் அக்காவின் படத்தை மாற்றச் சொல்கிறார்கள். கூடாது.

மார்ச் 21, சனி

தொலைபேசி நேரத்தில் ஒரு பெரியம்மா தம்பியை அக்கா பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பேசிக்கொண்டு போனார். தம்பி திருத்தவில்லை. அருமை.

ஆனாலும் "பேச விடமாட்டேங்கறார்" என்று நிறையச் செய்திகள். பதிவில் தம்பி எங்குமே குறுக்கிடவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் "ம்ம்... ஆமா... சரிங்க" என்று சொல்லிக்கொண்டே கேட்கிறார். அறிவிப்பாளர் குரல் வந்ததும் அழைப்பாளரை அமுக்கும்படி தொலைபேசியை ஒலிபரப்போடு இணைக்கும் ஹைப்ரிடில் ஒரு வசதி ஓடுகிறது. ஒவ்வொரு "ம்ம்"முக்கும் எதிர்முனையில் ஒரு சொல் விழுங்கப்படுகிறது. தொலைபேசிக் குரலே பல இணைப்புகளில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் ஒல்லியாக வருவது, அதிலும் ஓட்டை விழுந்தால் கேட்பவர் காதுக்கு அது அதட்டல்தான். அக்கா தலையை மட்டும் ஆட்டுவார். தம்பி "ம்ம்" சொல்லட்டும், அவர் சுபாவம் அது. அமுக்கும் அளவைக் குறைத்துவிடலாம்.

ஒரு அழைப்பாளர் தன் குரலையே எதிரொலியாகக் கேட்டுத் திணறியது வேறு கோளாறு. அவருக்குத் திரும்பிப் போகும் கலவையில் அவருடைய குரலும் இருந்தது. மொத்தக் கலவையிலிருந்து அவரைக் கழித்துத்தான் அனுப்ப வேண்டும். லைன் கொடுக்கும் முன் ரேடியோவை அணைக்கச் சொல்வதும் இன்று விட்டுப்போயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

இன்று பாட்டை முடிய விட்டார், நான்கைந்து இடம் தவிர.

வாரம் ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. வேண்டவே வேண்டாம். நேரில் பார்த்திராத அறிவிப்பாளரோடு கேட்பவர் கொள்ளும் உறவைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதினார்கள். அது நட்பின் இடத்தில் நிற்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே அதன்மேல் விருப்பம் கூடும் என்று 1968இல் உளவியலாளர் சயான்ஸ் காட்டினார். ஒரே குரல் வாராவாரம் வந்தால்தான் அது நடக்கும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நேயர் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் நாளிலேயே நிற்பார், அக்காவை இழந்ததும் ஒவ்வொரு வாரமும் புதிதாக நடக்கும்.

மார்ச் 23, திங்கள்

நேற்று கடைசியில் தம்பி அக்காவின் விடைபெறும் வரியைச் சொல்லிவிட்டார். அன்பினால்தான் சொன்னார். இதுவரை எதற்கும் வராத கோபம் அதற்கு வந்திருக்கிறது. வணக்கம் பொது, முகப்பு இசை நிகழ்ச்சியுடையது, புதிர் எல்லோருக்கும் உரியது. அந்த ஒரு வரி மட்டும் அக்காவுடையது. இனி முடிவில் தம்பி தன் பெயர், நேரம், அடுத்து வருவது என்ன என்பதைச் சொல்லிவிட்டு இசையை விடட்டும். அந்த வரியின் இடம் காலியாகவே இருக்கட்டும்.

மார்ச் 28, சனி

செய்திகள் குறைந்துவிட்டன. சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை, விட்டுப் போனவர்களும் எழுதமாட்டார்கள். புதிருக்கு வரும் விடைகளைப் பழைய வாரங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும், இணையத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று பார்க்க வேண்டும், வழக்கமாக எழுதும் கையெழுத்துகள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீல மையில் கட்டம் போட்ட தாளில் எழுதுபவர் இந்த வாரமும் எழுதவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

எல்லாப் பாட்டும் முழுதாக முடிந்தன. எல்லாமே!

ஏப்ரல் 2, வியாழன்

நாளுக்குச் சில நிமிடம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உடனே இங்கே ஆசை: இருபது நொடி வாழ்த்து ஒன்று பதிவு செய்தால் என்ன? தொலைபேசி வழியாக வந்தால் கரகரப்பு தெரியாதே?

தெரியும். இந்த நேயர்கள் நாய்ஸ் கேட் மூடுவதைக் காதால் பிடித்தவர்கள். அந்த இருபது நொடியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கக் கவலைப்படுவார்கள், தம்பியின் நான்கு வாரமும் அடிபட்டுப் போகும். குணமாகும் தொண்டையை அவசரப்படுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. இன்னொன்றும் இன்றுதான் கண்ணில் பட்டது: வாரநாள் முன்னோட்டத்தில் அக்காவின் பழைய குரல் இன்னும் ஓடுகிறது. "சனிக்கிழமை சந்திப்போம்" என்று அது சொல்கிறது, சனிக்கிழமை அவர் இல்லை. இன்றே எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

நீல மைக் கடிதம் வந்துவிட்டது. தம்பி பெயருக்கு. புதிர் கேள்வியில் ஆண்டு தப்பு என்று இரண்டு பக்கம்.

மைக் அமைப்புகளை இரண்டு பெயரிலும் தனித்தனியாகச் சேமித்தாயிற்று. இருவரும் ஒரே நாள் உட்கார நேர்ந்தால் முதல் சேனல் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.