11 மணி நேர விரல்கள்

என் ஹார்ட் டிஸ்கில் 'கிட்டார் பையன் ஃபைனல்' என்று ஒரு ஃபோல்டர் கிடக்கிறது. ஃபைனல் ஆகவே இல்லை. உள்ளே 11 மணி நேர ஃபுட்டேஜ். அத்தனையும் விரல்கள்.

கோயம்புத்தூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். போன ஆடியில் மாட்டியவன் அந்தப் பையன். ஏழு கம்பி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஃபிரெட்போர்டில், அதாவது கழுத்தில் விரல் பதிக்கிற பலகையில், தட்டித் தட்டியே வாசிப்பான். ரீல்ஸில் பார்த்து வாயைப் பிளந்து, மறுநாளே ஃபோன் போட்டேன்.

எடிட்டர் நண்பன் 20 நிமிஷம் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டான். "அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. பையன் கையில் பிசகே வராது. படம் எடுக்கிறவனுக்கு அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. கடைசி நாள் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாயிற்று, டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். அப்போது சொல்கிறான்: "அந்த முப்பது செகண்டு ரீலுக்கு அறுபது டேக் போச்சுங்ணா. பக்கத்து ரூம்ல அம்மா தூங்குறாங்கன்னு ஆம்ப் போடாம, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹெட்ஃபோன்லயே வாசிச்சேன்."

அந்த 60 டேக்தான் படம். நான் எடுத்து வைத்திருந்தது 61ஆவது. பையை மறுபடி திறக்க வெட்கமாக இருந்தது, திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த கிட்டார் படங்களை உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். கிட்டார் கலைஞர் ஜேசன் பெக்கரைப் பற்றி 2012இல் வந்த படம். 1990இல், 20 வயதில், ராக் பாடகர் டேவிட் லீ ராத்தின் இசைக்குழுவில் இடம் கிடைத்த நேரத்தில் அவருக்கு ஏஎல்எஸ் என்று தெரியவருகிறது. நரம்பு நோய். கை போனது, பேச்சு போனது. கண்ணை அசைத்தே எழுத்துகளைக் காட்டுகிற ஒரு முறையை அவர் அப்பா வகுத்துக் கொடுக்கிறார், மகன் அதை வைத்து இசையமைக்கிறார். வாசிக்கிற விரல்கள் பழைய வீடியோக்களில் மட்டும்தான். இன்னொன்று ரான் மான் எடுத்த 'கார்மைன் ஸ்ட்ரீட் கிட்டார்ஸ்', 2018. நியூயார்க்கின் பழைய கட்டடங்களிலிருந்து கழற்றிய உத்தரங்களில் ரிக் கெல்லி என்பவர் கிட்டார் செய்கிறார். வயதான அம்மா கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார். பெரிய கலைஞர்கள் வந்து வாசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் என் நினைவில் நின்றது ஒரு மதுக்கடையிலிருந்து வந்த அந்தப் பழைய பலகைதான்.

பலகை. இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. தட்டியது டவுன்ஹால் பக்கம் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் என்றும் சொல்லலாம்.

அவர் பட்டறையில் முதுகு பிளந்த அமெரிக்க அகூஸ்டிக் கிட்டார் ஒன்று வந்திருந்தது. பின்பலகையைத் தனியாகக் கழற்றி, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மற்றக் கை முட்டியால் ஒரு தட்டு. 'டங்'. வெண்கலத்தைத் தட்டியதுபோல நின்று அடங்கியது. பக்கத்திலிருந்த பிளைவுட் துண்டைத் தட்டினார். 'தொப்'. கனமெல்லாம் இரண்டரை மில்லிமீட்டர் சுமார்தான். ஒரே கட்டையைத் தடிமனில் இரண்டு தகடாக அறுத்துப் புத்தகத்தை விரித்ததுபோல ஒட்டியிருந்ததால், இரண்டு பாதியிலும் வரிகள் கண்ணாடி பார்த்தன.

"இது எந்த ஊர் மரம்னு தெரியுதா தம்பி?"

"அமெரிக்காங்களாண்ணா?"

"நம்ம மலை மரம்யா. ஈட்டி. அமெரிக்கா போய்ட்டுத் திரும்பி வந்திருக்குது."

பிரிட்ஜுக்காக, கம்பிகளைத் தாங்குகிற கட்டைக்காக, வைத்திருந்த ஈட்டித் துண்டில் இழைப்புளியை ஓட்டினார். சுருள் சுருளாக ஊதா கலந்த தூள், லேசான இனிப்பு வாசனை. அவர் விரல் நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம். சும்மா இருக்காமல் நானும் தூளைத் தொட்டேன். சட்டையில் பட்ட கறை இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து தோண்டினேன். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1833இலிருந்து கிட்டார் செய்கிறது. அவர்களுடைய புகழ்பெற்ற டி-28 மாடல் கிட்டாருக்கு முன்பெல்லாம் பிரேசில் ரோஸ்வுட். அதை முழு மரமாக வெளியே அனுப்ப பிரேசில் தடை போட, 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அதுதான் நம் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை மரம். 2017 ஜனவரியில், அழியக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிட்டார் விற்பவர்கள் எல்லை தாண்ட ஒவ்வொன்றுக்கும் காகிதம் தூக்கி அலைந்தார்கள். 2019இல்தான் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2011 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் என்ற கிட்டார் கம்பெனியின் தொழிற்சாலைகளில் நுழைந்து இந்திய ஈட்டி, கருங்காலிப் பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சண்டை எதில்? 6 மில்லிமீட்டரில். அதைவிடத் தடிமனாக அறுத்த மரத்தை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யக்கூடாது, மெல்லிய தகடு போகலாம் என்பது அன்றைய விதி. ஃபிரெட்போர்டு துண்டு அறுத்த மரமா, பாதி செய்த கிட்டார் உறுப்பா? ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒரு காட்சி முழுக்க எடுக்கலாம். (2012இல் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டு முடித்தது. அதில் பெரிய விவகாரம் மடகாஸ்கர் கருங்காலி.)

இந்தப் பக்கம், நம் ஊரில், பட்டா நிலத்தில் நிற்கிற ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் மரம். தாத்தா காலத்திலிருந்து வீட்டு வாசலில் நிற்கிறது, விலை தெரியும், ஆனால் பல வருஷம் வெட்ட முடியவில்லை. அப்படி ஒரு ஆள் கூடலூர்ப் பக்கம் இருப்பார், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும் என்று மனசு அரிக்கிறது. அவர் கிட்டாரைத் தொட்டே இருக்கமாட்டார். அதுதான் எனக்கு வேண்டியது.

எடிட்டரிடம் சொன்னேன். "மரம் பேசாதுடா" என்றான். சரிதான், ஆள் கிடைக்காவிட்டால் இது கூகுளில் தேடி ஒட்டிய படமாகிவிடும். அதனால் இந்த மார்கழியில் கேமரா இல்லாமல் போகிறேன், நோட்டு மட்டும். மரக் கிடங்கில் ஏலம் பார்க்க வனத்துறைக்கு ஒரு மனுவும் எழுதி வைத்திருக்கிறேன். 'நோக்கம்' என்ற இடத்தில் முதலில் 'கிட்டார் பற்றிய ஆவணப்படம்' என்று எழுதினேன். படித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டு 'ஈட்டி மரம்' என்று எழுதினேன்.

பையனுக்கும் நேற்று மெசேஜ் போட்டேன், அடுத்த ரீல் எடுக்கும்போது ராத்திரி வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று. இன்னும் பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.