கணவர் யூதர், நான் தமிழ்ப்பெண்: குழந்தைக்கு முன்னால் நாங்கள் எடுத்த கேரியர் டெஸ்ட்

என் கணவர் அஷ்கெனாசி யூதர், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்; போலந்திலிருந்து நியூயார்க் வந்து குடியேறிய குடும்பம். எங்கள் திருமணத்தை நடத்திவைத்த ரபி (யூத மதகுரு), கல்யாணத்துக்கு முன்பே "குழந்தை பெறுவதற்கு முன்னால் இருவரும் கேரியர் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார்.

அதற்குக் காரணம் டே-சாக்ஸ் என்ற நோய். பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் நெருங்கும்போது கற்றுக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக இழக்கும். பார்வையும் போகும். பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை. அஷ்கெனாசி யூதர்களில் சுமார் 30 பேரில் ஒருவர் இதன் கேரியர், அதாவது இந்நோய்க்கான மரபணுப் பிழையைச் சுமப்பவர். அவருக்கு எந்த நோயும் இருக்காது. ஆனால் கணவன் மனைவி இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 1971-இல் பால்டிமோர், வாஷிங்டன் பகுதி யூதர்களிடையே ரத்தப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். அதன்பிறகு அமெரிக்க, கனடா யூதர்களிடையே இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டார்கள். டே-சாக்ஸுக்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ரபி யோசெஃப் எக்ஸ்டைன், 1983-இல் 'டோர் யெஷோரிம்' அமைப்பைத் தொடங்கினார். அங்கே வரன் பார்க்கும் கட்டத்திலேயே, பெயரில்லாமல் அவரவர் பரிசோதனை எண்ணை வைத்து மரபணுப் பொருத்தம் சொல்லிவிடுகிறார்கள். இதைப் படித்தபோது அந்த மனிதரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாங்கள் முதலில் போன கிளினிக்கில், "ஒருவர்தானே யூதர், தேவையில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற இனத்தவரிலும் சுமார் 250, 300 பேருக்கு ஒருவர் கேரியர்தானே? எச்சில் மாதிரி எடுக்கும் கிட்டை வீட்டுக்கே வரவழைத்தோம். முடிவு வந்தது: கணவர் டே-சாக்ஸ் கேரியர்.

அப்புறம் வீடியோவில் பேசிய மரபணு ஆலோசகர் சொன்னதுதான் முக்கியம். யூதர்களுக்கான பழைய டெஸ்ட், டே-சாக்ஸ் மரபணுவில் அவர்களிடம் அதிகம் காணப்படும் சில பிழைகளை மட்டும் தேடும். அதில் எனக்கு "இல்லை" என்று வந்தாலும் நம்ப முடியாது. எனக்கு அந்த மரபணு முழுவதையும் படிக்க வேண்டும், ரத்தத்தில் ஹெக்ஸ்-ஏ என்ற நொதியின் (டே-சாக்ஸில் குறைந்துபோவது இதுதான்) அளவையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் நொதியை வெள்ளை அணுக்களில்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்; சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) பார்த்தால் முடிவு தவறாகலாம். நான் மாத்திரையில் இருந்ததால் சீட்டிலேயே அப்படி எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார். 2008-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, மருத்துவக் காப்பீட்டு நிறுவனமோ வேலை தருபவரோ இந்த முடிவுகளை நமக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் டெஸ்டுக்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் டே-சாக்ஸ் கேரியர் இல்லை. ஆனால் அதே டெஸ்டில் மற்ற மரபணுக்களையும் பார்த்ததில், நான் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயின் கேரியர் என்று வந்தது! மதுரையில் இருந்தவரை "ரத்தம் கம்மி" என்று இரும்பு மாத்திரையாக விழுங்கியதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. இருவருமே கேரியர் என்றதும் அழுதுவிட்டேன். ஆலோசகர் பொறுமையாக விளக்கினார்: அவருடையது ஒரு மரபணு, என்னுடையது வேறொன்று. ஒரே மரபணுவில் இருவருக்கும் பிழை இருந்தால்தான் சிக்கல். கணவரும் தலசீமியா கேரியரா என்று அறிய ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பார்த்தார்கள், சரியாக இருந்தது. எங்கள் பிள்ளை கேரியராகலாம். இந்த இரண்டு நோய்களும் வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு.

கணவர் அன்றே தன் தங்கையிடம் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கவலை கூடியது. நான் கடைக்குட்டி, அக்கா மகளை அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழை அம்மா வழியில் வந்ததோ, அப்பா வழியில் வந்ததோ, அந்தப் பிள்ளைகள் இருவரிடமுமே இருக்கலாம். போனில் சொன்னேன். "நல்ல காரியம் பேசும்போது எதுக்குடி ரத்த டெஸ்டெல்லாம்?" என்றார் அம்மா. அக்காதான் முழுசாகக் கேட்டாள். ஏ2 டெஸ்டின் பெயரை எழுதி அனுப்பச் சொன்னாள், அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை தேதி குறிக்க வேண்டாம் என்று அண்ணனிடமும் பேசிவிட்டேன்.