ஊருக்குப் போகும் முன் மின்சாரக் காரைத் தூங்க வையுங்கள்

ஆண்டு இறுதி விடுமுறை, சபரிமலை, திருச்சிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மூன்று வாரம் கிளம்புகிறவர்களிடம் மின்சாரக் கார் இருந்தால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "80 சதவீதத்தில் விட்டுப் போனால் திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும்?" கேள்வி நியாயமானது. ஆனால் விசாரிக்க வேண்டிய பேட்டரியை விட்டுவிட்டு வேறொன்றை விசாரிக்கிறார்கள்.

தரைக்கடியில் கிடக்கும் பெரிய பேட்டரி சும்மா இருந்தால் தானாக இழப்பது மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். காரை முடக்கிப் போடுவது பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் காரில் இருப்பது போலவே மின்சாரக் காரிலும் ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, கணினிகள், திரை, அலாரம் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியைக் காரோடு சேர்க்கும் கான்டாக்டர் என்ற கனமான ரிலேவை மூடுவதற்கும் அந்த 12 வோல்ட்தான் வேண்டும். காரைப் பூட்டியதும் கான்டாக்டர் விட்டுவிடும், பெரிய பேட்டரி தனியாகிவிடும். 12 வோல்ட் செத்தால் கீழே 60 கிலோவாட் மணி நிறைந்திருந்தும் கதவுகூடத் திறக்காது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி கிணற்றில் விழுந்த கதை.

பெட்ரோல் காரில் ஒரு வசதி உண்டு. பேட்டரி சாகப்போவதை ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து ஒரு வாரம் முன்பே சொல்லிவிடும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் இல்லை. கணினியை எழுப்பச் சில ஆம்பியர் போதும் என்பதால் நைந்துபோன பேட்டரிகூட நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்திருக்கும். நம் மலேசிய வெயிலில் ஈய அமில பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் நல்ல ஆயுசு. உங்களுடையது அந்த வயதைத் தொட்டிருந்தால் பயணத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 45 ஆம்பியர் மணி பேட்டரி என்று வையுங்கள். பூட்டியபின் கணினிகள் அடங்கி நன்றாகத் தூங்கும் கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். 50 என்றே எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. பாதி பேட்டரி கரைய ஏறத்தாழ 19 நாள் ஆகும். இதில் முன் கண்ணாடியில் மாட்டும் டேஷ்கேம் என்ற கேமராவை ஃபியூஸ் பெட்டியில் நேராக இணைத்து, நின்ற பிறகும் படம்பிடிக்கும் பார்க்கிங் மோடில் விட்டால் அது மட்டும் 250 மில்லி ஆம்பியர் வாக்கில் இழுக்கும். இரண்டும் சேர்ந்து நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. பாதி பேட்டரி மூன்றே நாளில் போய்விடும். கார் விற்கும் இடத்திலேயே டேஷ்கேம் இலவசமாக மாட்டித் தருகிறார்களே, அதன் பார்க்கிங் மோடு எந்த வயரில் வருகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டால் முழிப்பார்கள்.

"கார் தானே 12 வோல்ட்டை நிரப்பிக்கொள்ளுமே" என்பீர்கள். பெரும்பாலான புதிய கார்கள் நிரப்பும். மின்னழுத்தம் குறைவதைக் கவனித்து, கான்டாக்டரை மூடி, பெரிய பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் ஏற்றிவிட்டுத் திரும்பத் தூங்கும். நள்ளிரவில் நின்ற காரிலிருந்து 'டக்' என்று சத்தம் கேட்டால் அதுதான். ஆனால் இதற்கு எல்லை உண்டு. பெரிய பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால் பல கார்கள் இந்த வேலையைச் செய்யாது. சில மாடல்கள் அடுத்தடுத்துப் பல தடவை நிரப்ப வேண்டி வந்தால், 12 வோல்ட் பேட்டரியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். நிரப்பும் பாகமே பழுதாவதும் உண்டு. ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 வகைக் கார்களில் ஐசிசியூ என்ற அந்தப் பாகத்துக்காக 2024-ல் அமெரிக்காவிலும் கொரியாவிலும் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் பெரிய அளவில் நடந்தது. அந்தக் கார்களைப் பழைய காராக வாங்கியவர்கள், அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்பது நல்லது.

இனி பெரிய பேட்டரி. அது வேகமாக இறங்கினால் காரை யாரோ தூங்கவிடவில்லை என்று அர்த்தம். நின்ற கார் நாளுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இறங்கலாம் என்று டெஸ்லாவின் கையேடே சொல்கிறது. 60 கிலோவாட் மணி பேட்டரியில் அது 600 வாட் மணி, சராசரியாக 25 வாட். மூன்று வாரத்துக்கு 21 சதவீதம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சென்ட்ரி மோடு என்ற காவல் வசதியைப் போட்டுவிட்டுப் போனால் கேமராவும் கணினியும் விழித்தே இருக்கும். 150 முதல் 300 வாட் இழுத்தால் நாளுக்கு 6 முதல் 12 சதவீதம். 80-ல் விட்ட கார் ஐந்து முதல் பத்து நாளில் 20-க்கு வந்துவிடும். 20-க்குக் கீழே சென்ட்ரி தானாக அணைந்துவிடும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் கிளம்பிய முதல் வாரம் காவல் காத்துவிட்டு மீதி இரண்டு வாரம் காவல் இல்லாமல் நிற்பதற்கு, ஆரம்பத்திலேயே அணைத்துவிடலாம். நின்ற காருக்குள் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் கேபின் சூடு தடுப்பைப் பற்றித்தான் பலர் கவலைப்படுகிறார்கள். டெஸ்லாவில் அது காரை விட்டு இறங்கி 12 மணி நேரம்வரைதான் ஓடும், ஆகவே நீண்ட நிறுத்தத்தில் அது பெரிய குற்றவாளி அல்ல.

கண்ணுக்குத் தெரியாத மற்றக் குற்றவாளிகளில் முதலாவது நம் கைப்பேசிதான். ஆப்பைத் திறந்து "எத்தனை சதவீதம்?" என்று பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பல கார்கள் விழித்துக்கொள்ளும், திரும்பத் தூங்கச் சில நிமிடம் முதல் அரை மணிக்கு மேலும் எடுக்கும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொருமுறை பேட்டரியைப் பார்ப்பவர், பார்த்துப் பார்த்தே அதை இறக்குகிறார். பயணப் பதிவு எடுக்கும் வெளியார் ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியும், காரைச் சோதிக்கும் ஓபிடி துளையில் செருகிய டாங்கிள் என்ற சிறு கருவியும் இதே வேலையைத்தான் செய்யும். டாங்கிளைப் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது சாவி. சுபாங்கிலும் பூச்சோங்கிலும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லிங்க் வீட்டுப் போர்ச்சில் கார் நிற்கும், சாவி மாட்டும் ஆணி வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் இரண்டு மீட்டர்கூட இருக்காது. சாவி பக்கத்தில் இருக்கும்வரை சில கார்கள் 'வந்துவிட்டாரா' என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். சாவியை உள் அறைக்கு மாற்றினாலே போதும், பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டால் இன்னும் நல்லது. கொண்டோ அடுக்குமாடியின் அடித்தளத்தில் வேறு சிக்கல். சிக்னல் இல்லாத மூலையில் காரின் மோடம் கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடுதல் மின்சாரம் தின்னும்.

உங்கள் கார் நன்றாகத் தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். வெள்ளி இரவு வண்டியை நிறுத்தி, சென்ட்ரி போன்ற காவல் வசதிகள், டேஷ்கேமின் பார்க்கிங் மோடு, நேரம் குறித்து ஏசி போடும் வசதி எல்லாவற்றையும் அணைத்து, திரையில் உள்ள சதவீதத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பைத் தொடவே கூடாது. ஞாயிறு இரவு, 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் சரி. நான்கு, ஐந்து என்றால் எதுவோ விழித்திருக்கிறது. அடுத்த வாரம் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே இரவில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஓட்டி நிறுத்தியதும் குளிர்விக்கும் விசிறி கொஞ்ச நேரம் ஓடுவதாலும், காரின் கணக்கு திருந்துவதாலும் முதல் இரவில் ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டலாம்.

12 வோல்ட்டுக்கு மட்டும் மல்டிமீட்டர் வேண்டும். காரைப் பூட்டி மூன்று மணி நேரம் கழித்து அளந்தால், ஈய அமில பேட்டரியில் 12.6-க்கு மேல் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். ஆனால் பானட்டைத் திறந்ததுமே கார் விழித்துக்கொள்ளும், அளவும் மாறும். ஆகவே அந்த மூன்று மணி கழிந்ததும் பானட்டைத் திறந்து, எல்லாக் கதவும் மூடி, காரைப் பூட்டி இன்னும் அரை மணியாவது காத்திருந்து அளக்க வேண்டும். சீனாவின் பிஒய்டி கார்கள் சிலவற்றில் 12 வோல்ட் பேட்டரியே எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அது சும்மா நிற்கும்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. புதிய டெஸ்லாக்களில் லித்தியம் பேட்டரி 15 வோல்ட்டைத் தாண்டும். இந்த வகைகளைக் கடையில் கிடைக்கும் ஈய அமில பேட்டரியால் மாற்றப் பார்க்கும் பட்டறை ஃபோர்மேனிடம் காரைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்குச் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகை உண்டு, காரின் கணினியோடு அது பேசும்.

எத்தனை சதவீதத்தில் விட்டுப் போவது? நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகை பேட்டரிக்கு 50, 60. நாள் நிறைய என்றால் 70. வெயிலும் நிறைவும் சேர்ந்தால்தான் பேட்டரி வேகமாக மூப்படையும், நம் ஊரில் வெயில் கேட்காமலே வரும். எல்எஃப்பி பேட்டரிக்கும், அதாவது பிஒய்டி, புரோட்டோன் இ.மாஸ் 7 ஓட்டுபவர்களுக்கும், நீண்ட நாள் நிறுத்த இதே அளவு நல்லது. வாரம் ஒருமுறை 100 ஏற்றச் சொல்வது ஓட்டும் காலத்துக்கான பழக்கம். குறைந்த எல்லை முக்கியம். பூஜ்யத்துக்கு அருகில் 14 நாளுக்கு மேல் விடக் கூடாது என்று நிசான் லீஃப் கையேடு எச்சரிக்கிறது. 20 சதவீதத்தில் ஓட்டி வந்து நேராக விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போவதுதான் உண்மையான தப்பு.

வீட்டில் சார்ஜர் இருந்தால் எல்லையை 60-ல் வைத்து மாட்டியே விட்டுப் போகலாமா? காகிதத்தில் இதுதான் சிறந்த வழி. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடி மின்னலை யோசியுங்கள். ஓர் இடி இடித்ததும் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விழும், வீட்டில் ஆள் இல்லை, தூக்கிவிட யாருமில்லை. ஃபிரிட்ஜில் வைத்த மீனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சார்ஜர் சுற்றில் மின்னல் எழுச்சித் தடுப்பான் இல்லையென்றால் மாட்டாமல் 70-ல் விடுவதையே நான் பரிந்துரைப்பேன். மாட்டிவிட்டுத்தான் போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து வையுங்கள். கொண்டோவின் பொதுச் சார்ஜரில் மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல.

இடமும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவிலும் 2017 நவம்பரில் பினாங்கிலும் வெள்ளம் எங்கெல்லாம் ஏறியது என்பது மறந்திருக்காது. மழைக்காலத்தில் அடித்தளத்தின் கடைசி மாடியில் காரை விடாதீர்கள். டயரில் வழக்கத்தைவிட 3 பிஎஸ்ஐ கூட்டி வைத்தால் சப்பையாவது குறையும்.

எல்லாம் மீறி, திரும்பி வந்து பார்த்தால் கார் செத்துக் கிடக்கிறது. முதலில் கதவு. பல கார்களில் சாவிக்குள் ஒரு சிறிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், ஓட்டுநர் கைப்பிடியின் ஓரத்து மூடியை நெம்பினால் துளை தெரியும். டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்களில் முன் பம்பரின் இழுவைக் கொக்கி மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் உண்டு, அதில் 12 வோல்ட் கொடுத்தால் பானட் திறக்கும். இதெல்லாம் போவதற்கு முன் கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டிய விஷயம். இன்னொன்று: செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டரைக் காரின் பின்பக்கப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்தப் பெட்டியைத் திறப்பதும் 12 வோல்ட்தான்.

எஞ்சினைச் சுழற்றத் தேவையில்லை என்பதால் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரே போதும். சிவப்பைப் பாசிட்டிவில், கறுப்பைக் கையேடு காட்டும் உலோகப் புள்ளியில் மாட்டி, ஒரு நிமிடம் விட்டு, பிரேக்கை மிதித்து எழுப்புங்கள். திரையில் 'ரெடி' வந்ததும் கான்டாக்டர் மூடிவிட்டது, பெரிய பேட்டரி 12 வோல்ட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டது. கிளிப்புகளைக் கழற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் ரெடியிலேயே விடுங்கள். பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே போகக் கூடாது. உங்கள் காரிலிருந்து பக்கத்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுப்பதைப் பெரும்பாலான கையேடுகள் தடை செய்கின்றன. சொந்தக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ரெடி வரவில்லை என்றால் இழுவை வண்டிதான், அதுவும் காரை முழுதாக ஏற்றும் வகை. இங்கே அடித்தளப் பார்க்கிங் கழுத்தை அறுக்கும். உயரம் 2.1 மீட்டர்தான் இருக்கும், ஏற்றும் லாரி உள்ளே வராது. 12 வோல்ட் இல்லாமல் கை பிரேக்கும் விடாது. சக்கரத்தடியில் வைக்கும் டாலி இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டி வரும்.

ஒழுங்காக எழுந்த காரிலும் எல்எஃப்பி பேட்டரி என்றால் சதவீதம் திடீரென ஐந்தாறு குறையலாம். எல்எஃப்பியின் மின்னழுத்தம் 20-லும் 80-லும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், கார் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் கணக்கு வைக்கிறது. மூன்று வாரத் தூக்கத்தில் அந்தக் கணக்கு பிசகும். மெதுவான வீட்டுச் சார்ஜரில் ஒரு தடவை 100 வரை ஏற்றினால் எண் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.