இரண்டாம் கட்டு மாடியில் மூன்று கிலோவாட்

போன வருடம் கோடையில் வந்த மின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பா), "பேசாம வீட்டிலேயே கரண்டு எடுத்துரலாமேப்பா" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் எங்கள் பெரிய வீட்டில் குடியிருப்பது இரண்டே பேர். இரண்டு ஏசி, ஒரு போர் மோட்டார், அதற்கே இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் ஓடியிருந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

எனக்கு முதலில் ஆசை வந்தது காற்றாலை மேல்தான். நாகர்கோவில் போகும்போதெல்லாம் ஆரல்வாய்மொழியில் சுற்றுவதைப் பார்த்த மயக்கம். மொட்டை மாடியில் வைக்கிற 1 கிலோவாட் காற்றாலை கிடைக்கிறது என்றார்கள். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் காற்றின் வேகம் அளக்கும் சின்னக் கருவியைக் கொடுத்து, "முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். இரண்டு வாரம் காலையும் மாலையும் மாடியில் நின்றேன். மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டிய நாட்கள் குறைவு. அந்த 1 கிலோவாட் என்பதோ 40 கிலோமீட்டர் வேகத்தில் வருவது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும். கால்வாசியானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அதாவது 15 வாட். எல்இடி பல்பு ஒன்று எரியும், அதுவும் காற்றாடி சுற்ற மனசு வைத்தால். ஆரல்வாய்மொழிக்குக் காற்றைக் குவித்து விடும் மலைக் கணவாய் இருக்கிறது, நமக்கு இல்லை.

அடுத்தது சாண எரிவாயு. கட்டுத்துறையில் இப்போது மூன்று மாடுகள். ஒரு மாட்டுக்குப் பத்து கிலோ சாணம் என்றால் நாளைக்கு 30 கிலோ. ஒரு கன மீட்டர் வாயுவுக்கே 25 கிலோ வேண்டும். அதை ஜெனரேட்டரில் விட்டால் ஒன்றரை யூனிட் போல வரும். அடுப்புக்கு நல்ல பொருள். அதைப் போய் மின்சாரமாக்குவது நெய்யை ஊற்றி விளக்கெரிப்பது மாதிரி.

மிச்சமிருந்தது வெயில், அதாவது சூரிய மின் பேனல். அதற்கா இங்கே பஞ்சம்? ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட். 3 கிலோவாட் போட்டால் எங்கள் தேவை ஏறக்குறைய முடிந்தது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு.

ஆனால் எங்கே வைப்பது? முன்பக்க முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் நாட்டு ஓடு. ஒரு பேனல் 28 கிலோ. அதற்குச் சட்டம் அடிக்க ஓடுகளைப் பிரித்தால் பழையபடி வேய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நல்லவேளையாக வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம் ஒன்று இருந்தது. அங்கே தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சாய்வில் ஆறு பேனல்.

இதெல்லாம் கணக்கு. உண்மையான வேலை மின் இணைப்பின் பெயரில் இருந்தது. அது இன்னும் ஐயா (தாத்தா) பெயரில். ஐயா தவறி முப்பது வருடமாகிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் பெயர் மாற்ற வேண்டும், அதற்குப் பங்காளிகள் சம்மதக் கையெழுத்து வேண்டும். ஐந்து பங்கு. ஒருவர் பினாங்கில், இருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில். கோயம்புத்தூர் அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "வீதியில நின்னு பார்த்தா கண்ணாடி தெரியக்கூடாதுப்பா." பினாங்குக் கையெழுத்து வரவே ஆறு வாரம். அதன்பின் ஓர் அலுவலகத்தில் எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பினார்கள். மொத்தம் மூன்று மாதம். பேனல் மாட்ட ஆனது ஒன்றரை நாள்.

வாரியத்திடம் எடுப்பதையும் வாரியத்துக்குக் கொடுப்பதையும் அளக்கும் இருவழி மீட்டர் வைத்த பத்தாம் நாள், உச்சி வெயிலில் கரண்டு போனது. எங்கள் வீட்டிலும் போனது! மின்கம்பத்தில் வேலை பார்ப்பவர் மேல் நம் மின்சாரம் பாயக்கூடாது என்று, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுமாம். நியாயம்தான்; பொருத்தியவர் முன்பே சொல்லியிருக்கலாம். பேட்டரி வைத்த வகை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் எகிறும். தூக்கிப் போட இருந்த பழைய பேட்டரி இன்வெர்ட்டரை இரண்டு விசிறிக்கும் நாலு விளக்குக்கும் திரும்ப மாட்டினோம்.

இன்னொன்றும் எதிர்பார்க்கவில்லை. கத்திரி வெயிலை விடப் பங்குனி மாதத்தில்தான் யூனிட் கூடுதலாக வந்தது. பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறச் சூடேற, டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறைகிறது. நம்மைப் போலத்தான் அதுவும்.

செம்மண் தூசிக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். போர் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடுவதால், வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டு போகிறேன். "காப்பிக்குப் பிடிச்ச தண்ணிப்பா அது" என்று அப்பச்சி ஒவ்வொரு முறையும் சொல்கிறார்.