கேஸ் முடிஞ்சுபோச்சுன்னாங்க, நானும் நம்பிட்டேன்

நம்ம கார் 2008 பதிவு. 2018-ல சிஓஇ-யை, அதான் சிங்கப்பூர்ல கார் வச்சுக்கிறதுக்கு வாங்கற உரிமைச் சான்றிதழை, பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சேன், இந்த டப்பாவுக்கா இவ்ளோ காசு கொட்டுறேன்னு கேட்டவங்கல்லாம் 2023-ல கேட்டகரி ஏ, அதாவது சின்ன கார் சிஓஇ, ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டினப்புறம் வாயே திறக்கல. ரோட் டாக்ஸ் 50 சதவீதம் கூடக் கட்டுறேன், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் போறேன், அதெல்லாம் பழகிடுச்சு. ஆனா ஏர்கான் இல்லாத காரை இந்த ஊர்ல வச்சுக்கிட்டு என்ன பண்றது, அதுக்கு பஸ்ஸே தேவலாம், அங்கயாவது குளிரும்.

போன தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிச்ச கதை இது. யீஷூன்ல கிளம்பி சிடிஇ எக்ஸ்பிரஸ்வே முழுக்க ஜில்லுன்னு வந்துச்சு. சிராங்கூன் ரோட்டுக்குள்ள நுழைஞ்சு, தீபாவளி ஒளியூட்டு பாக்க வந்த கூட்டத்துல மாட்டி, மூணாவது சிக்னல்ல நிக்கிறப்ப வெண்ட்ல இருந்து வெதுவெதுன்னு காத்து வருது. பின்சீட்ல அம்மா முந்தானையால விசிறிக்கிட்டே, "உங்கப்பா ஓட்டுன வேன்ல கண்ணாடியாவது முழுசா இறங்கும்டா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. எங்க வண்டியில பின்கண்ணாடி பாதிதான் இறங்கும்.

வொர்க்‌ஷாப் போனேன். அங்கிள் வெண்ட் முன்னாடி கையை வச்சுப் பாத்துட்டு ரெண்டே செகண்ட்ல "கேஸ் நோ மோர் லா"ன்னாரு. கேஸ் ஊத்தி 60 வெள்ளி. அப்புறம் மழை சீசன் வந்துச்சு, வெளியவே குளுமையா இருந்ததால நானும் சரியாயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். பிப்ரவரி வெயில்ல திரும்ப அதே கதை, வேற ஒரு வொர்க்‌ஷாப், அங்கயும் கேஸ் கம்மின்னு ஊத்தி இன்னொரு 70 வெள்ளி. ரெண்டு பேருமே எங்க ஒழுகுதுன்னு பாக்கல, நானும் கேக்கல. ஏர்கான் கேஸ் ஒண்ணும் பெட்ரோல் இல்ல, ஓட ஓட எரிஞ்சு தீர. மூடின குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வர்ற சமாச்சாரம். மூட்டுல இருக்கிற பழைய ரப்பர் ஓ-ரிங் வழியா, கம்ப்ரசர் சீல் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கசியும், சரி. மூணு மாசத்துல மொத்தமா தீந்துச்சுன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம், ஓட்டையைப் பாக்காம ஊத்திக்கிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்?

மச்சான் மலேசியாவுக்கு, ஜோகூர் பாருவுக்குக் கொண்டுபோங்க, பாதி விலைன்னான். எல்லை தாண்ட விதிப்படி முக்கால் டேங்க் பெட்ரோலைப் போட்டுக்கிட்டு, ஏர்கான் இல்லாத வண்டியில, சனிக்கிழமை காஸ்வே பாலத்து நெரிசல்ல போய் நிக்கச் சொல்றான். இவனுக்குத்தான் என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்திருக்கோம்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கும்போதுதான் தோணுச்சு, ஓடும்போது குளிருது, நின்னா குளிரல, கேஸ் இல்லேன்னா ரெண்டு நேரமும்தானே குளிரக்கூடாது? கம்ப்ரசர் கேஸை அமுக்கி சூடா அனுப்புது, அது முன்னாடி கிரில்லுக்குப் பின்னால இருக்கிற கண்டென்சர்ல சூட்டை விட்டுட்டு திரவமா மாறணும், அப்பத்தான் உள்ள போய் குளிர்ச்சி குடுக்கும். சோத்துப்பானை மூடி மாதிரின்னு வச்சுக்கங்க. மூடி ஆறியிருந்தா ஆவி துளித்துளியா நிக்கும், மூடியும் கொதிச்சுக் கிடந்தா எங்க துளி நிக்கும்? எக்ஸ்பிரஸ்வேல போறப்ப எதிர்க்காத்தே கண்டென்சரை ஆத்திடுது. சிக்னல்ல நின்னா அந்த வேலையை ஃபேன்தான் பாக்கணும்.

மறுநாள் சாயங்காலம் புளோக்குக் கீழ கார்பார்க்ல பானெட்டைத் திறந்து ஏர்கானைப் போட்டுப் பாத்தேன். வண்டியை நிறுத்தி வச்சு எஞ்சினை ஓடவிடுறது இங்க குத்தம், அதனால ரெண்டே நிமிஷம். எங்க வண்டியில ரெண்டு ஃபேன், ஏர்கான் போட்டா ரெண்டும் சுத்தணும். இடது பக்கம் விர்ருன்னு சுத்துது. வலது பக்க ஃபேன் இறக்கைக்கும் கூண்டுக்கும் நடுவுல ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கு, சும்மா ஒண்ணு ரெண்டு நூல் இல்ல, முழு வட்டம், நடுவுல ஒரு கொசு வேற மாட்டியிருக்கு. அந்த ஃபேன் நின்னு எத்தனை நாளாச்சுன்னு அந்தச் சிலந்தியைத்தான் கேக்கணும். ரெண்டு வொர்க்‌ஷாப்ல ஒருத்தராவது பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சிருந்தா போதும்.

கார்பார்க்ல ரிப்பேர் வேலை செய்யக்கூடாது. அதனால ஞாயித்துக்கிழமை காக்கி புக்கிட்ல நம்ம தம்பி ஒருத்தன் வேலை பாக்கிற ரிப்பேர் யூனிட்டுக்குப் போனேன், "அண்ணே, ஓரமா போட்டுக்கங்க, டவ்கே வரமாட்டாரு"ன்னு இடம் குடுத்தான், டவ்கேன்னா முதலாளி. முதல்ல ஃபேனுக்குக் கரண்ட் விடுற சுவிட்சான ரிலேயை பக்கத்துல இருந்த அதே நம்பர் ரிலேயோட மாத்திப் போட்டேன், ஒண்ணும் நடக்கல. சிம் லிம் டவர்ல எப்பவோ வாங்கின மல்டிமீட்டரை ஃபேன் பிளக்ல வச்சா 13.6 வோல்ட் காட்டுது, கரண்ட் வருது, அப்போ மோட்டார்தான் போயிருக்கு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மோட்டார் முதுகுல லேசா ரெண்டு தட்டு தட்டுனேன், திடுக்குன்னு அரை சுத்து சுத்தி நின்னுச்சு. மோட்டாருக்குள்ள கரண்டைக் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சா இப்படித்தான் பண்ணும்.

ஒண்ணு சொல்லிக்கிறேன், இந்த ஃபேன் சாவி அணைச்சிருந்தாலும் சில வண்டியில சூட்டுக்குத் தானா சுத்தும், பேட்டரி மைனஸைக் கழட்டாம விரலை உள்ள விடாதீங்க. கேஸ் குழாய் நட்டையும் தொடாதீங்க. எஞ்சின் அணைஞ்சிருந்தாலே நம்ம ஊர் சூட்டுக்கு உள்ள 95 பிஎஸ்ஐ கிட்ட நிக்கும், டயர்ல இருக்கிறதை விட மூணு மடங்கு. இந்த ஏர்கான் கேஸ், ஆர் 134ஏ, மைனஸ் 26 டிகிரில கொதிக்கிற சாமான், கைல பட்டா தோல் வெந்த மாதிரி ஆயிடும், கண்ணுல பட்டா கேக்கவே வேணாம். கேஸ் வேலை மெஷின் வச்சிருக்கிறவங்களோடது, எலக்ட்ரிக் வேலையும் கழுவுற வேலையும் நம்மளோடது, நான் போட்டுக்கிட்ட கோடு இதுதான்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில பழைய மோட்டார் 55 வெள்ளிக்குக் கிடைச்சுது. நாலு பத்து எம்எம் போல்ட், ஒரு பிளக், அவ்ளோதான் வேலை. ஆனா பதினாறு வருஷம் வெந்த பிளாஸ்டிக் ஆச்சே, பிளக் கிளிப்பு பிஸ்கட் மாதிரி ஒடஞ்சுது, கேபிள் டை போட்டுக் கட்டினேன், இன்னிக்கு வரைக்கும் அந்தக் கட்டுதான். ஃபேன் கழட்டின கையோட கண்டென்சரையும் கழுவினேன், காஞ்ச இலையும் பூச்சியுமா மெத்தை மாதிரி அடைஞ்சு கிடந்துச்சு. தண்ணியை மெதுவா விடணும், பிரஷர் ஜெட் அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடிஞ்சு காத்து போற வழியே அடைபட்டுடும். எல்லாம் மாட்டினப்புறம், சாப்பாட்டுக்கடையில இடம் பிடிக்க வச்சிருந்த டிஷ்யூ பாக்கெட்ல ஒண்ணை உருவி கிரில் முன்னாடி காட்டினேன், சப்புன்னு போய் ஒட்டிக்கிச்சு.

குளோவ் பாக்ஸைக் கழட்டி கேபின் ஃபில்டரையும் பாத்தேன். கறுப்பா, மடிப்பு மடிப்பா தூசி, நடுவுல பழுப்பாகிப்போன மல்லிகை இதழ். கண்ணாடியில அம்மா தொங்கவிடுற சரத்துல இருந்து உதிர்ந்ததை, உள்காத்தையே திரும்பச் சுத்தவிடுற ரீசர்க்குலேஷன் இழுத்துட்டுப் போயிருக்கும். ரொம்ப நாளா ஈரத்துணி நாத்தம் வருதுன்னு வீட்டுக்காரி சொல்லிக்கிட்டே இருந்தா, அது இதுதான் போல.

இதோட முடிஞ்சுதுன்னு பாத்தா முடியல. ரொம்ப நேரம் ஜாம்ல நின்னா டக்குன்னு கம்ப்ரசர் நிக்கும், கொஞ்சம் கழிச்சு திரும்பப் பிடிக்கும். பிரஷர் எக்கச்சக்கமா ஏறினா சுவிட்ச் தானா கட் பண்ணும்ல, அதுதான். ஃபேன் சுத்துது, கண்டென்சர் சுத்தம், பின்ன எப்படி ஏறுதுன்னு, கேஸை உறிஞ்சி எடை போடுற மெஷின் இருக்கிற மூணாவது இடத்துக்குப் போனேன். பானெட் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கு, 480 கிராம்னு போட்டிருக்கு. மெஷின் உறிஞ்சி முடிச்சுக் காட்டின நம்பர் 660.

ஆக நம்ம கேஸ் கம்மியாவே இல்ல. காசு குடுத்து ரெண்டு தடவை கூட ஊத்தியிருக்கோம், இப்ப அதை எடுக்கறதுக்கு 90 வெள்ளி. வேக்குவம் போட்டு 480 கரெக்டா ஏத்திக் குடுத்தாங்க, போன வாரம் மத்தியானம் ஒரு மணிக்கு தேக்கா மார்க்கெட் கார்பார்க் வாசல்ல இருபது நிமிஷம் க்யூவுல நின்னேன், ஜம்முனு இருந்துச்சு.

இப்ப முன்சீட்டு கால் மாட்டுல தண்ணி சொட்டுதாம். ஏர்கான் தண்ணி வெளிய வடியுற குழாய் அடைச்சிருக்கும், வர்ற ஞாயித்துக்கிழமை பாக்கணும்.