‘சேஞ்ச்’ என்ற சொல்லுக்குப் பதிலாக

பிறர் எழுதும் ஆங்கில ஆவணங்களைச் செப்பனிடுவது என் வேலை. ஒப்பந்த வரைவு, மென்பொருள் வெளியீட்டுக் குறிப்பு, காலாண்டு அறிக்கை, பயனர் கையேடு என எது மேசைக்கு வந்தாலும், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்பதைப் படிப்பவருக்குத் தெரிவிப்பதே பெரும்பாலும் அதன் நோக்கமாக இருக்கும். ‘சேஞ்ச்’ என்ற சொல் ஒரே பத்தியில் மூன்று முறை வந்துவிட்டால் எழுதியவருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. உடனே ஒத்த சொற்களின் பட்டியலைத் திறந்து, ‘ஆல்டர்’, ‘மாடிஃபை’, ‘அமெண்ட்’ ஆகியவற்றை இடத்துக்கு ஒன்றாகப் போட்டுவிடுகிறார். நம் இலக்கண நூலார் சொன்ன பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று, மயங்க வைத்தலும் ஒன்று. முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் விழுபவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். ஒப்பந்தம் எழுதுவோர் இந்த வேலையைச் செய்யமாட்டார்கள். ஒரே ஆவணத்தில் சொல் மாறினால் பொருளும் மாறுகிறது என்று கொள்வது சட்ட வாசிப்பின் பொதுவான மரபு என்பதால், ஒரே சொல்லைச் சலிக்காமல் இருபது முறை எழுதுவார்கள்.

‘அமெண்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்குப் பிழை நீக்குதல் என்று பொருள். இன்றைய வழக்கில் அதிகாரம் உள்ளவர்கள், உரிய நடைமுறைப்படி, ஒரு முறையான ஆவணத்தில் செய்யும் திருத்தத்துக்கே அந்தச் சொல் பொருந்தும். அமெரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல்தான் ஏற்புப் பெற்றது. அத்தனை காலமும் அது வெறும் முன்மொழிவாகவே கிடந்தது. மாற்ற விரும்புவது ஒன்று, ‘அமெண்ட்’ செய்வது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, குழுத் தலைவர் ஒருவர் தன் மின்னஞ்சலில் வேலைத் திட்டத்தை ‘அமெண்ட்’ செய்துவிட்டதாக எழுதினால், அதை ‘ரிவைஸ்’ என்று மாற்றிக் கொடுப்பேன். ‘ரிவைஸ்’ என்பது மறுபடி பார்த்து எழுதுவது. புதிய பதிப்பு வந்ததும் பழையது ஒதுங்கிவிடும், யாருடைய கையொப்பமும் தேவைப்படாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தேர்வுக்குப் பாடத்தை மீண்டும் படிப்பதையும் இதே சொல் குறிக்கும் என்பது வேறு கதை.

‘மாடிஃபை’ அளவான மாற்றம்: அடிப்படை அமைப்பு அப்படியே இருக்க, ஒரு பகுதியில் மட்டும் கை வைப்பது. ‘ஆல்டர்’ அகராதியில் அதற்கு மிக அருகில் நிற்கிறது என்றாலும், ஆவணங்களைப் பற்றிப் பேசும்போது அதில் ஒரு சந்தேக வாடை வீசுகிறது. தையல்காரர் சட்டையை ‘ஆல்டர்’ செய்தால் நல்லது; யாரோ காசோலையை ‘ஆல்டர்’ செய்தால் அது வேறு செய்தி. காசோலைகளுக்கும் பொருந்தும் பிரிட்டனின் 1882-ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டம் தன் 64-ஆம் பிரிவில், பொறுப்புடைய எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் செய்யப்படும் முக்கியமான மாற்றத்தை ‘ஆல்டரேஷன்’ என்றே அழைத்து, அந்தச் சீட்டு பெரும்பாலும் செல்லாததாகிவிடும் என்கிறது. ‘கையொப்பமான ஒப்பந்தத்தை ஆல்டர் செய்துள்ளோம்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், அவருடைய வழக்கறிஞர் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இருக்கிறது.

துறைக்குத் துறை வழக்கும் வேறுபடுகிறது. வேலை நடுவில் பணியின் அளவு மாறுவதைப் பன்னாட்டுக் கட்டுமான ஒப்பந்தங்களில் புழங்கும் ஃபிடிக் படிவங்கள் ‘வேரியேஷன்’ என்கின்றன. அமெரிக்கப் படிவங்களில் அதுவே ‘சேஞ்ச் ஆர்டர்’. அகராதியைப் பார்த்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால், பணம் கோருவதற்கான பிரிவைத் தேடுபவர் அது இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

நான் மிகக் கூர்ந்து கவனிப்பது, மாற்றியவர் யார் என்பதைச் சொல் காட்டுகிறதா மறைக்கிறதா என்பதைத்தான். தமிழில் மாறுதலும் மாற்றுதலும் தனித்தனி வினைகள். ஆங்கிலத்தின் ‘சேஞ்ச்’ இரண்டையும் ஒருங்கே சுமப்பதால், ‘த செட்டிங் சேஞ்ச்ட்’ என்ற வாக்கியத்தில் அமைப்பு தானாக மாறியதைப் போன்ற தோற்றம் எளிதாக வந்துவிடுகிறது. இதைவிடச் சாமர்த்தியமான சொல் ‘எவால்வ்’. ஒரு திட்டம் தாமதமானதற்கான விளக்க அறிக்கையில் தேவைகள் ‘எவால்வ்’ ஆனதாக எழுதியிருந்தார்கள். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகப் பரிணமிப்பதைச் சொல்லும் சொல் அது. ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டு இன்னொருவர் ஒப்புக்கொண்ட தேவைக்கு அது எப்படிப் பொருந்தும்? ஓரத்தில் ‘யார் மாற்றினார்கள்?’ என்று மட்டும் குறித்து அனுப்பினேன். திரும்பி வந்த வரைவில் எழுவாயும் தேதியும் இருந்தன. அந்த வாக்கியத்தால் ஓர் உரையாடல் சூடானது என்றும் கேள்விப்பட்டேன். ‘டிரான்சிஷன்’, ‘ரீஅலைன்’ போன்றவையும் இதே குடும்பம்; ஆட்குறைப்பு அறிவிப்புகளில் அவை தவறாமல் தலைகாட்டும்.

‘டிரான்ஸ்ஃபார்ம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வடிவத்தைத் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு ஒன்று மாறியிருந்தால் அந்தச் சொல்லை விட்டுவைப்பேன். உள்நுழைவுப் பக்கத்தின் நிறம் மாறியதற்கெல்லாம் ‘சேஞ்ச்’ போதும்.

பயனர் கையேடுகளில் ‘ரிப்ளேஸ்’, ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற இரட்டையர் உண்மையிலேயே ஆபத்தானவர்கள். ‘ரிப்ளேஸ் ஏ வித் பி’ என்றால் ஏ வெளியேறி பி உள்ளே வரும். ‘சப்ஸ்டிட்யூட் ஏ ஃபார் பி’ என்றால் ஏ உள்ளே வரும், பி வெளியேறும். இப்போது பலர் ‘சப்ஸ்டிட்யூட் ஏ வித் பி’ என்றும் எழுதுவதால், எந்த வால்வைக் கழற்றி எதைப் பொருத்துவது என்று பணியாளர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நான் செப்பனிடும் கையேடுகளில் ‘ரிப்ளேஸ்’ மட்டுமே இருக்கும்.

எண்கள் வரும் அறிக்கைகளில் வினைச்சொல்லைவிட அதன் பின்னே வரும் சின்னச் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘பை 5’ என்றால் ஐந்து கூடியது, ‘டு 5’ என்றால் ஐந்தாக ஆனது. வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானால் அது ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதக் கணக்கில் சொன்னால் 25 சதவீத உயர்வு. இரண்டும் உண்மை என்பதால், எதைத் தலைப்பில் போடுகிறார்கள் என்று பார்ப்பேன். ஏறி இறங்கி ஏறிய கோட்டுக்கு ‘ஃபிளக்சுவேட்’ சரி. ஒரே ஒரு முறை இறங்கியதற்கு ‘டிப்’ போதும்.

ஒத்த சொற்களின் பட்டியலில் பலர் தேடாத சின்ன வினைகளே என்னை அதிகம் ஈர்க்கின்றன. ஆங்கிலத்தில் கெட்டுப்போகிறவை பெரும்பாலும் ‘கோ’ என்கின்றன: பால் புளிப்பது, தலை வழுக்கையாவது, நிறுவனம் திவாலாவது எல்லாமே ‘கோ’. சரியாகிறவற்றுக்குச் சில இடங்களில் ‘கம்’ வரும். கனவு நனவாவது அப்படித்தான். நிறம் மாறுவதற்கும் வயது ஏறுவதற்கும் ‘டர்ன்’. சர்வர் ‘கோஸ் டவுன்’, பிறகு ‘கம்ஸ் பேக் அப்’ என்று எங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிசகின்றி எழுதுகிறார்கள். புதிய பதிப்பு பயன்பாட்டுக்கு வருவதைச் சொல்லும் ‘கோ லைவ்’ இந்த வழக்குக்கு விலக்கு என்று ஒருமுறை அவர்களிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை வெளியீட்டுக்குப் பொறுப்பேற்பவர்கள் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.