பூட்டிய வீடுகளை எண்ணாத அறிக்கை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், வணிகக் கட்டட முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிது. மும்பையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், நாங்குநேரிக்குத் தெற்கே தம் சொந்த ஊர் முக்கில் 12 கடைகளோடு ஒரு வளாகம் கட்டலாமா என்று கேட்டார். ஊரைப் பார்க்க நான் போனது சுடலைமாடன் கோயில் கொடை விழா நடந்த வாரம். தெரு கொள்ளாத கூட்டம். மகாராஷ்டிரப் பதிவெண் கார்கள் குளத்தங்கரை வரை நின்றன. ஒரு டீ வாங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. 'தேவை மிகுதி' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் போனால், ஒன்பது கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மருந்துக் கடை, நகைக்கடன் கடை, டீக்கடை மூன்றும்தான் ஓடின.

எதிர்த் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி, மடியிலிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "கொடைக்கு வந்த தலையை எண்ணினீர்களே ஐயா, பூட்டிக் கிடக்கிற வீட்டை எண்ணினீர்களா?"

விடை என் மேசையிலேயே இருந்தது. 2011 கணக்கெடுப்பில், தென்காசி பிரியாத அன்றைய நெல்லை மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,023 பெண்கள், மாநிலத்தில் 996. சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போன ஆண்களின் நிழல் அந்த எண்ணில் விழுந்திருக்கிறது. நானோ, பத்தாண்டில் மாவட்ட மக்கள்தொகை 27 லட்சத்திலிருந்து 30 லட்சத்தைத் தாண்டியதை மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருந்தேன். ஊருக்குப் பணம் வருகிறது. அரிசி, பருப்பு வாங்கும் குடும்பம் வருவதில்லை. அந்தப் பணமும் பாதி, பிள்ளைகள் படிப்புக்கென்று பாளையங்கோட்டையில் வாடகை வீடாகிவிடுகிறது. கடைக்கு ஆள் அங்கேதான்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் பழைய எண்களோடுதான் பிழைப்பு. ஆகவே விசேஷம் எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து ஊருக்குப் போகிறேன். காலையில் எத்தனை பால் பாக்கெட் இறங்குகிறது, ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இரவு கடைசி பஸ்ஸில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று விசாரிக்கிறேன். மேலதிகாரிக்கு இது ஜோசியம்போலத் தெரிகிறது. அவர் பஸ்ஸில் போய்ப் பல வருடம் ஆகிறது.

அந்த வளாகத்தின் மாடி இப்போது சிறிய கல்யாண மண்டபம். காதுகுத்தும் கல்யாணமும் சொந்த ஊரில்தான் நடக்க வேண்டும் என்பார்கள் மும்பைக்காரர்கள். முகூர்த்த மாதங்களில் இடம் கிடைப்பதில்லை. யோசனை என்னுடையதல்ல, ஆச்சியுடையது. அவருக்கு ஆலோசனைக் கட்டணம் எதுவும் போகவில்லை.